துண்டு வெட்டிய பின் யார் பொறுப்பு?

(கிராம வாசிகசாலை ஒன்றின் முற்றத்தில், கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியுரிமை பற்றியும் நிலவுரிமை பற்றியும் பேசுவதற்கே நம்மை மேடைக்கு அழைப்பது வழக்கம். இன்றோ, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்படும் ஒரு முதியவரைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறோம். "இதிலும் அரசியல் உண்டோ?" என்று நீங்கள் கேட்கலாம். உரை முடியும்வரை பொறுத்திருந்து, பின்னர் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

காலையில் வைத்தியர் விடுதியைச் சுற்றி வருகிறார். கட்டிலருகே அரை நிமிடம் நிற்கிறார். "துண்டு வெட்டியாயிற்று, இன்றைக்குக் கொண்டு போகலாம்" என்ற சொல் பிறக்கிறது. உடனே வீட்டில் ஒரே பரபரப்பு. மகன் தோட்டத்தில் தண்ணீர் மாறுவதைப் பாதியில் விட்டு ஓடி வருகிறான். முச்சக்கர வண்டி பிடிக்கப்படுகிறது. மருந்துப் பையும், ஆங்கிலத்தில் எழுதிய நோய் நிர்ணய அட்டையும் கையில் திணிக்கப்படுகின்றன. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன தகப்பனார் இரு தோள்களுக்கிடையே தொங்கியபடி வண்டியில் ஏற்றப்படுகிறார். இனி அவர் எங்கே இருப்பார்? யார் தூக்குவார்? யார் ஊட்டுவார்? எவர் இரவில் விழித்திருப்பார்? இக்கேள்விகளுள் ஒன்றுக்கேனும் விடை கண்டபின்பா வண்டி புறப்பட்டது? இல்லை. கட்டில் வெறுமையாக வேண்டும் என்பது வைத்தியசாலையின் அவசரம். வீடு போய்ச் சேர வேண்டும் என்பது நமது அவசரம். இவ்விரண்டு அவசரங்களுக்கும் நடுவே அகப்பட்டு நசுங்குபவர் அந்த முதியவர்.

வைத்தியசாலையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. இந்நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறு. வைத்தியரும் தாதியரும் தம்மால் இயன்றதற்கு மேலாகவே உழைக்கின்றனர். குறை வேறிடத்தில் இருக்கிறது. வைத்தியசாலையின் வாசலுக்கும் நம் வீட்டுப் படலைக்கும் இடையே ஒரு வெளி உண்டு. அவ்வெளிக்கு இதுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை. அங்கேதான் நம் முதியோர் விழுகின்றனர்.

நாம் செய்த பிழை

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நமது குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் நமது தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. துண்டு வெட்டிய அன்று நாம் நீதிமன்றத்திலிருந்து கறுப்பு அங்கியோடு நேரே விடுதிக்குச் சென்றோம். நாள்தோறும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் நாம், அங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடல் கடந்து வாழும் சகோதரிகள் தொலைபேசியில் கூடி ஆலோசித்தனர். "பட்டணத்து வீடே வசதி" என்று முடிவாயிற்று. தாயாரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்ல கட்டில், மின்விசிறி, சம்பளத்துக்கு ஒரு பெண் எல்லாம் இருந்தன. ஒன்பதாம் நாள் அவரது குதிக்காலில் கறுத்த புண் ஒன்றைக் கண்டோம். அதற்குள் அவர் பேச்சையும் குறைத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது அவர் சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது:

"தம்பி, ஊருக்கெல்லாம் நியாயம் கேக்கிறாய். என்னை ஒருக்கால் கேட்டியோ?"

சட்டம் படித்த நமக்கு அதைவிடப் பெரிய கண்டனம் எந்த நீதியரசரிடமிருந்தும் கிடைத்ததில்லை. எவரையும் கேளாது அவருக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கலாகாது என்பது நீதியின் முதற் பாடம். அப்பாடத்தைப் பெற்ற தாயின் விடயத்தில் மறந்தோம். பின்னர் அவரை அவருடைய வீட்டுக்கே கொண்டு சென்றோம். மலசலகூடத்துச் சுவரில் பிடிகம்பி பூட்டினோம். அயலில் இருந்த உறவுக்காரப் பெண் பகலில் துணைக்கு வந்தார். இரண்டு மாதத்தில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, முருங்கை மரத்தைப் பார்த்தபடி அமர்ந்தார். எல்லாருக்கும் இவ்வாறே நேரும் என்று சொல்லமாட்டோம். ஆயினும், கேட்ட பின் எடுத்த முடிவும் கேளாமல் எடுத்த முடிவும் ஒன்றல்ல என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

இடைக்காலக் கட்டளையே போதும்

நாம் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான். துண்டு வெட்டும் நாளில் இறுதித் தீர்ப்பு எழுதாதீர்கள். இடைக்காலக் கட்டளை மட்டும் பிறப்பியுங்கள்.

ஏன்? வைத்தியசாலையில் பல நாள் கிடந்த முதியவர் புத்தி தடுமாறிப் பேசுவதுண்டு. இரவைப் பகல் என்பார். மகளை யாரென்று கேட்பார். தொற்று, மருந்து, நித்திரையின்மை, புதிய இடம் ஆகியவற்றால் வரும் இக்குழப்பம் பலருக்குப் படிப்படியாகத் தெளிந்துவிடும். இதைக் கண்டு, "அப்பாவுக்கு அறிவு போய்விட்டது, இனி இல்லந்தான்" என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. பாரிசவாதம் கண்டவருக்கு முதல் மூன்று மாதங்களே பயிற்சியால் மிகுந்த முன்னேற்றம் காணக்கூடிய காலம். இன்று எழ முடியாதவர் ஆறு வாரத்தின் பின் எழக்கூடும். ஆகவே, "ஆறு வாரத்துக்கு இவ்வாறு செய்வோம், பின்னர் மீண்டும் கூடி ஆராய்வோம்" என்று குடும்பத்தவர் நாள் குறித்து முடிவெடுப்பதே நேர்.

அந்த இடைக்கால முடிவுக்கும் ஆதாரம் வேண்டும். துண்டு வெட்டுவதற்கு முதல் நாளே விடுதித் தாதியிடமும் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: இவர் கட்டிலிலிருந்து எழும்பிக் கதிரைக்கு வர எத்தனை பேர் பிடிக்க வேண்டும்? இருவர் வேண்டுமெனில், ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அவரை விடுவது இருவருக்கும் ஆபத்து.

இரண்டாவது: மலசலத்துக்கு எவ்வாறு போவார்? குந்தியிருக்கும் கூடம் முறிவு கண்ட இடுப்புக்கு ஆகாது. உயரமான இருக்கை வேண்டும். நடுவே வட்டமாக வெட்டிய பலமான மரக் கதிரையும் உதவும்.

மூன்றாவது: விழுங்குவதில் தடை உண்டா? இக்கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. பாரிசவாதத்தால் விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்குப் படுத்த நிலையில் தேநீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நியூமோனியாவை உண்டாக்கும். நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால், அவர் விழுங்கியதைக் கண்ட பின்பே அடுத்த வாயைக் கொடுக்க வேண்டும். உண்ட பின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. எந்தப் பதத்தில் உணவு கொடுக்கலாம் என்பதைச் சோதித்துப் பார்த்தவரிடமே கேட்டறிய வேண்டும்.

நான்காவது: எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது? வீட்டில் பழைய மருந்துகள் ஒரு பேணி நிறைய இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது தெரியாமல் இரண்டையும் கொடுப்பவர் உண்டு. சாப்பாடு பாதியாகக் குறைந்த நீரிழிவுக்காரருக்குப் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து மயங்கிவிடுவார். எல்லா மருந்துகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டி, வேண்டாதவற்றை அங்கேயே நீக்கிவிடுங்கள். முறிவு நெரிவு வைத்தியம் பார்ப்பதாயினும், எண்ணெய் பூசி உருவ முன் சத்திரசிகிச்சை செய்தவரின் சம்மதம் பெறுங்கள்.

ஐந்தாவது: எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும், யாரிடம் வர வேண்டும்? கிளினிக் நாள் எது? இவை எழுத்தில் இருக்கட்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாரி, இடுப்பு, குதிக்கால் ஆகிய இடங்களை நாளாந்தம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மாறாவிடின் அதுவே புண்ணின் முன்னறிவித்தல். கமக்காரருக்கு இது விளங்கும். இலையில் முதற் புள்ளி கண்டவுடன் பாராமுகமாக இருந்தால் பாத்தி முழுவதும் போய்விடும் அன்றோ?

எந்த இடம் தகும்?

இனி, எங்கே வைத்திருப்பது என்ற கேள்வி. சொந்த வீடு, பிள்ளைகளுள் ஒருவர் வீடு, சம்பளத்துக்குத் துணையாள், முதியோர் இல்லம் என நாலு வழிகள் உண்டு. இவற்றுள் ஒன்று எப்போதும் புண்ணியம், மற்றொன்று எப்போதும் பாவம் என்று நாம் கருதவில்லை. முதியவரின் தேவை என்ன, அவரது விருப்பம் என்ன, வீட்டின் வலு என்ன என்ற மூன்றும் பொருந்தும் இடமே தகுந்த இடம்.

வீட்டில் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் யார் வைத்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரு மகள், அல்லது ஒரு மருமகள். ஆண் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்புகின்றனர். நல்லது, பணமும் வேண்டும். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு நோயாளியைப் பக்கம் மாற்றிவிடப் பணத்தால் முடியாது. மாதக்கணக்கில் நித்திரையின்றி உழைக்கும் அந்தப் பெண்ணின் நாரியும் நெஞ்சும் ஒடிந்தால், பராமரிப்புத் தேவைப்படுவோர் இருவராவர். ஆகவே வாரத்தில் எந்த இரவு யாருடையது என்று முறை எழுதி வையுங்கள். மாதத்துக்கொரு பிள்ளை வீடு என்று முதியவரைப் பந்தாடாதீர்கள்; முறை மாற வேண்டியவர் பராமரிப்பவர். நோயாளியின் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பவர் வேலை, சம்பளம், ஓய்வு, நித்திரை ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். உழைப்பவரைச் சுரண்டிப் பெற்றோரைப் பேணுவது அறமாகாது.

இல்லம் தேவைப்படும் நிலையும் உண்டு. பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்துவிட்ட வீடுகள் 1983 இன் பின் நம் ஊர்களில் எத்தனை! மூடிய யன்னல்களுக்குள் ஒரு கிழவி தனியே விழுந்து கிடப்பதிலும், ஆளும் ஒளியும் உள்ள இல்லத்தில் இருப்பது மேல். கைதடியில் அரசாங்க முதியோர் இல்லம் உண்டு. தொண்டு நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்களும் உள. ஓர் இல்லத்தைத் தெரிந்தெடுக்கு முன், முன்னறிவித்தலின்றி இரு தடவை போங்கள்: ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில், ஒரு முறை பொழுதுபட்ட பின். இரவில் எத்தனை பேர் கடமையில் உள்ளனர்? அங்கிருப்போர் உங்களோடு தனியே பேச முடிகிறதா? நோய் கூடினால் யார் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வர்? மாதக் கட்டணத்துள் அடங்காதவை எவை? இல்லம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா? இவற்றுக்கு முகஞ்சுளிக்காமல் விடை கூறும் இடத்தை நம்பலாம். சுவரின் வெள்ளையடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கட்டிலருகே உறுதி எழுதாதீர்

நாம் தொழிலால் சட்டத்தரணி. ஆகவே சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும், அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் கூறுகிறது. தம்மைத் தாமே பேண இயலாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி விண்ணப்பிப்பதற்கு அச்சட்டத்தின் கீழ் ஒரு சபை உண்டு. பிள்ளைகளற்ற, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட வறிய முதியோருக்குத் தங்குமிடம் அளிப்பதை அரசின் கடமையாக்குவதும் அதே சட்டமே. இதைத் தர்மம் என்று எண்ணிக் கை கூப்ப வேண்டியதில்லை. பிரதேச செயலகத்துக்குச் சென்று உரிமையோடு கேளுங்கள்.

இன்னொன்று, இதனினும் முக்கியமானது. நம் அலுவலகத்துக்கு வரும் கண்ணீர்க் கதைகளுள் பலவற்றுக்கு ஆரம்பம் வைத்தியசாலைக் கட்டிலே. "யார் பார்ப்பாரோ அவருக்கே காணி" என்று உறவினர் கூடிப் பேசி, மயக்கம் தெளியாத முதியவரின் பெருவிரலை மையில் தோய்க்கின்றனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் முடிக்கப்பட வேண்டும் என்பது உண்மை. ஆயினும் நொத்தாரிசின் முத்திரையால் இல்லாத அறிவு உண்டாகிவிடாது. அத்தகைய உறுதி நாளை வழக்காகும். சகோதரர் இருவர் இருபது ஆண்டு நீதிமன்றப் படி ஏறுவர். பராமரிப்போ இரு தரப்பாலும் கைவிடப்படும். அறிவு தெளிந்திருக்கும்போது எழுத வேண்டியதை எழுதுங்கள். எழுதும்போதும், தம் சீவிய காலம் வரை இருந்து அனுபவிக்கும் உரித்தை முதியவர் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். நன்றிகெட்ட நடத்தைக்காக நன்கொடை உறுதியை நீதிமன்றத்தின் மூலம் நீக்குவதற்கு 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் எண்பது வயதில் வழக்காடுவதிலும் முன்யோசனை மேல். அற்றோணித் தத்துவத்தையும் பெரிதாக நம்பியிருக்காதீர்கள்; கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அதன் வலுவும் போய்விடும்.

இது அரசியலே

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் நூற்றுக்கு 7.9 பேர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 ஆக உயர்ந்தது. யுத்தமும் புலப்பெயர்வும் இளையோரைக் கொண்டுபோன நமது மாகாணங்களில், எஞ்சியவரின் தோளில் இப்பாரம் எவ்வளவு அழுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுகாதாரத்தின் ஒரு பகுதி 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் மாகாணத்துக்குரியது. மறு பகுதி மத்திய அரசின் கையில். பெரிய வைத்தியசாலை ஒருவருடையது, கிராமத்து வைத்தியசாலை இன்னொருவருடையது. நோயாளியோ இருவருக்கும் நடுவில். இது அரசியல் அன்றி வேறென்ன?

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: துண்டு வெட்டும்போது மருந்தும் பராமரிப்பும் பற்றிய அறிவுறுத்தல் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்த்து நம் முன்னோர் அறப்போர் செய்தனர். 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் ஏறியது. ஏறிய மொழி இன்னும் நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை. நோய் நிர்ணய அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வைத்தியர் வைத்தியருக்கு எழுதுவது எம்மொழியிலும் இருக்கட்டும். மகளுக்குச் சொல்ல வேண்டியது மகளின் மொழியில் இருக்க வேண்டும். உயிர்காக்கும் வாசகம் விளங்காத இடத்தில் மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.

இரண்டு: கிராமத்துப் பிரதேச வைத்தியசாலைகளில் வெறுமையாகக் கிடக்கும் கட்டில்களுள் சிலவற்றை, பெரிய வைத்தியசாலையிலிருந்து வரும் முதியோர் சில வாரம் தங்கிப் பயிற்சி பெறுவதற்கு ஒதுக்க வேண்டும். மாங்குளத்தில் 2024 இல் புனர்வாழ்வு வைத்திய நிலையம் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் தீவகத்துக் கிழவரும் வடமராட்சிக் கிழவியும் நாளாந்தம் மாங்குளம் போய்வர இயலுமா?

மூன்று: பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்களின் தொகை கூட்டப்பட்டு, துண்டு வெட்டிய முதல் வாரத்திலேயே ஒருவர் வீடு தேடி வர வேண்டும்.

நான்கு: இது அரசிடம் கேட்பதன்று, நம்மிடமே கேட்பது. அரிவி வெட்டுக் காலத்தில் ஒருவர் வயலில் மற்றவர் கைமாற்றாக உழைக்கும் மக்கள் நாம். அந்த வழக்கத்தைக் கட்டிலடிக்கும் கொண்டுவர இயலாதா? இவ்வாசிகசாலையிலேயே ஒரு பதிவேடு திறப்போம். இவ்வூரில் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர், தனியே இருப்போர் எத்தனை பேர் என்று குறிப்போம். சக்கர நாற்காலி ஒன்று, நடைச்சட்டம் இரண்டு பொதுவில் வாங்கி வைப்போம். மரணச் சடங்குக்குப் பந்தல் போட ஓடிவரும் இளைஞர்கள், உயிரோடிருப்பவரைக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லவும் முன்வரட்டும். அந்தியேட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் நாலிலொன்றை முன்கூட்டியே, அவர் கண் காணச் செலவழிப்போம்.

உரிமை, சுயமரியாதை, தன்னாட்சி என்று மேடைதோறும் முழங்குகிறோம். தன் வாழ்வு பற்றிய முடிவில் தனக்கு ஒரு குரல் வேண்டும் என்பதே அவை அனைத்தின் சாரம். அக்குரலை நமது இனத்துக்காகக் கேட்கும் நாம், நமது வீட்டுக் கட்டிலில் கிடப்பவருக்கு மறுக்கலாமா? இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் தாயை, தந்தையை, ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு இயலாமற் போனால் எங்கே இருக்க விருப்பம்? யார் பார்க்க வேண்டும்?" நோய் வந்த பின் கேட்பதற்கு நேரம் இராது. இன்று கேட்டு வைத்த விடை அன்று உங்களுக்கு வழிகாட்டும்.

நமது தாயாரின் கேள்விக்கு நாம் காலந்தாழ்த்தியே விடை சொன்னோம். உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.